சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் எங்கள் குடும்பம் ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து கெடாவுக்குப் புறப்பட்டது. படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வீட்டு வண்டிதான் மோட்டார்ஹோம். நாங்கள் எடுத்தது சிறிய கனவுந்தின் மேல் கட்டப்பட்டது. முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர். ஆட்களும் பொருளும் ஏறிய பிறகு 5 டன்னுக்கு மேல் எடை. முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டிய என் பெரியப்பா ஓட்டுநராக வந்தார். அவர் இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?

இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு தாப்பா அருகே ஓர் ஓய்வுப் பகுதியில் நிறுத்தினோம். பெரியப்பா அங்கிருந்த பெட்ரோல் நிலையத்தின் காற்று இயந்திரத்தை எடுத்து ஒரு டயரில் மாட்டினார். எண் பலகை 615 கிலோபாஸ்கல் காட்டியது. வண்டிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளிலோ 550 என்று எழுதியிருந்தது. பழைய கணக்கில் சொன்னால் 80 பி.எஸ்.ஐ.

“பார்த்தியா, வெயில்ல காத்து ஏறிப் போச்சு. இப்படியே விட்டா வெடிச்சிடும்,” என்றார். இயந்திரத்தில் 550 என்று எண்ணை வைத்தார். இன்றைய இயந்திரங்கள் குறைவாக இருந்தால் ஏற்றும், அதிகமாக இருந்தால் இறக்கும். புஸ்ஸென்ற சத்தத்துடன் காற்று வெளியேறியது, இயந்திரம் ‘பீப்’ என்றது, பெரியப்பா அடுத்த டயருக்குப் போனார். கைக்கு எட்டிய நான்கு டயர்களுக்கும் அப்படியே செய்தார். பின்னால் உள்பக்கம் இருந்த இரண்டையும் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு,” என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பள்ளியில் வாயு விதிகளை நடத்துபவள் நான். அவர் செய்வது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. பெரியவரிடம், அதுவும் முப்பது ஆண்டு லோரி ஓட்டியவரிடம், டயரைப் பற்றி நான் என்ன சொல்வது என்று பேசாமல் வண்டியில் ஏறிவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

படிவம் 4 கணக்கு

வண்டி மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறியதும், படிவம் 4 படிக்கும் என் அக்கா மகள் காதருகே வந்து, “சித்தி, இது கே-லுசாக் விதிதானே?” என்று கேட்டாள். ஆம், அதுதான். கனஅளவு மாறாமல் இருந்தால் வாயுவின் அழுத்தம் அதன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும். டயரின் கனஅளவு ஓடும்போது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே தேர்வில் வரும் உலோகக் கலனுக்குப் பதிலாக நம் காலடியில் ஆறு டயர்கள்.

அவள் கைப்பேசியில் கணக்குப் போட்டாள். காலையில் டயர் 27 பாகை செல்சியஸ், அழுத்தம் 550. ஓடிய பிறகு டயருக்குள் இருக்கும் காற்று 57 பாகை என்று வைத்துக்கொள்வோம். முதல் விடை 1,161 என்று வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்கள் செய்யும் இரண்டு தவறுகளையும் அவள் ஒரே கணக்கில் செய்திருந்தாள்.

முதல் தவறு, செல்சியஸில் கணக்கிட்டது. வாயு விதிக்குக் கெல்வின் வேண்டும். 27 பாகை என்பது 300 கெல்வின், 57 பாகை என்பது 330 கெல்வின். இரண்டாவது தவறு, மானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது. டயர் மானி, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். காற்றே இல்லாத டயரில் அது சுழியம் காட்டும், ஆனால் அந்த டயருக்குள்ளும் வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். அதையும் கூட்ட வேண்டும்.

இப்போது பாருங்கள். காலையில் உண்மையான அழுத்தம் 650. அதை 330ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் 715. வளிமண்டலத்தின் 100ஐக் கழித்தால் மானியில் 615. தாப்பாவில் நாங்கள் பார்த்த அதே எண். டயரில் யாரும் கூடுதலாகக் காற்று அடைக்கவில்லை. இருந்த காற்றே சூடேறி அப்படிக் காட்டியது.

சூடாக இருக்கும்போது அதை 550க்கு இறக்கிவிட்டால் என்ன ஆகும்? உண்மையான அழுத்தம் 650, வெப்பநிலை 330 கெல்வின். இரவில் டயர் ஆறி மீண்டும் 300 கெல்வினுக்கு வரும்போது அழுத்தம் 591. மானியில் 491. அதாவது பெரியப்பா சரிசெய்ததாக நினைத்த ஒவ்வொரு டயரும் 11 விழுக்காடு காற்றுக் குறைந்த டயர்.

கதவோரம் எழுதியிருக்கும் எண் ஆறிய டயருக்கானது. வண்டி ஓடினால் டயர் சூடேறும், அழுத்தமும் கூடும் என்பதை அறிந்துதான் பொறியியலாளர்கள் அந்த எண்ணைக் குறித்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தைத் தாங்கும்படிதான் டயரும் செய்யப்படுகிறது.

காற்றுக் குறைந்தால் ஏன் சூடு?

“கொஞ்சம் குறைந்தால் என்ன? மெத்தென்று போகுமே,” என்று சிலர் கேட்கிறார்கள். சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு டயர் மேல் 900 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 9,000 நியூட்டன் விசை. அதை 550 கிலோபாஸ்கலால் வகுத்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 164 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கும். ஓர் ஏ4 தாளில் கால் பங்கு. ஆறு டயர்களையும் சேர்த்தாலும் இரண்டு ஏ4 தாள் அளவுகூட வராது. ஐந்து டன் வீடு அந்தச் சிறு பரப்பின் மேல்தான் ஓடுகிறது.

அழுத்தம் குறைந்தால் அதே சுமையைத் தாங்க அதிகப் பரப்பு தேவை. அதனால் டயர் இன்னும் தட்டையாகிறது, அதன் பக்கச் சுவர் அதிகமாக வளைகிறது. எங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு வினாடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். ஒரு மணி நேரத்தில் 40,000 முறைக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. வளைக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஸ்குவாஷ் விளையாடுபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எட்டு முறை உலக வெற்றியாளரான நம் நிக்கோல் டேவிட் ஆட்டத்துக்கு முன் பந்தைத் திரும்பத் திரும்பச் சுவரில் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிபட்டு நசுங்கி நிமிர்ந்து அந்தச் சிறிய ரப்பர் பந்து சூடாகிறது. சூடான பிறகுதான் அது சரியாகத் துள்ளும். பந்துக்கு அந்தச் சூடு நல்லது. டயருக்கு அதுவே எமன். சூடு ஏற ஏற ரப்பரும் அதனுள் இருக்கும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். கடைசியில் டயர் வெடிக்கிறது.

இங்கே நம் வீட்டுக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. வளையும்போது இயற்கை ரப்பரில் செயற்கை ரப்பரைவிடக் குறைவான வெப்பமே உண்டாகும். அதனால்தான் லோரி, பஸ், விமானம் போன்ற பாரம் சுமக்கும் ஊர்திகளின் டயர்களில் இன்றும் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய பாட்டி தாத்தாக்கள் உங்களில் பலருக்கு இருப்பார்கள். என் பாட்டியும் அப்படித்தான். அவர்கள் கோப்பையில் சேர்த்த பால், டயராகி உலகச் சாலைகளில் ஓடியது. ஆனால் எவ்வளவு நல்ல ரப்பரானாலும் உள்ளே போதிய காற்று இல்லாவிட்டால் அது தோற்றுவிடும்.

இப்போது பெரியப்பாவின் வாதத்துக்கு வருவோம். நண்பகல் வெயிலில் டயர் வெடிப்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அது பொய்யல்ல. ஆனால் வெடித்ததற்கு அவர் சொன்ன காரணம் தவறு. காற்று ஏறியதால் வெடிக்கிறது என்று அவர் நினைத்தார். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. காற்றுக் குறைவாலும் அதிகச் சுமையாலும் ஏற்கெனவே நலிந்த டயரை, வெயிலின் சூடு கடைசியாகத் தள்ளிவிடுகிறது. அப்படிப்பட்ட டயரிலிருந்து இன்னும் காற்றை இறக்கினால் அது இன்னும் வளையும், இன்னும் சூடேறும். அப்போது மானி மறுபடியும் கூடுதல் எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து மறுபடியும் இறக்குவோம்.

உள்ளே மறைந்திருந்த டயர்

அன்று இரவு பந்தாய் மெர்டேக்கா கடற்கரையோரம் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், அக்கா மகள் தாத்தாவிடம் போய், “தாத்தா, நான் ஒரு கணக்குப் போட்டேன். சரியான்னு பார்க்கலாமா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தம் பழைய கைமானியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு தாளில் 491 என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். முதல் டயர் 495 காட்டியது. இரண்டாவது 490. பெரியப்பா தாளையும் மானியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவரே தரையில் படுத்து, பின்பக்க உள் டயர்களுக்குக் கையை விட்டு மானியைப் பொருத்தினார். வலப்பக்கம் 545. நேற்று யாரும் காற்றை இறக்காத டயர் அது. இடப்பக்கம் 330.

அந்த டயரைத்தான் முந்தின நாள் உதைத்துப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்று விட்டோம். இரட்டை டயரில் ஒன்று காற்றிழந்தால் பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும். வண்டி சாயாது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உதைத்துப் பார்த்தாலும் இந்த வேறுபாட்டை அறிய முடியாது. அதோடு, தன் சுமையோடு மற்றதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும் பக்கத்து டயருக்கும் ஆபத்து.

வண்டியை மெதுவாக அருகிலிருந்த டயர் கடைக்கு ஓட்டிப் போனோம். இப்போது யோசித்தால் அதுவும் தவறு. கடைக்காரரையே வரவழைத்திருக்க வேண்டும். உள் டயருக்கு வெளியிலிருந்து காற்றடிப்பதற்காக வால்வில் மாட்டியிருந்த நீட்டுக் குழாயில் கசிவு இருந்தது. கடைக்காரர் டயரைக் கழற்றி உள்ளே கை விட்டார். விரல்களில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. பக்கச் சுவர் வளைந்து வளைந்து உள்பக்க ரப்பர் உதிர்ந்த தூள். காற்றடித்தால் போதாதா என்று கேட்டோம். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கனரக டயர்த் தொழிலில், குறித்த அழுத்தத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ குறைவாக ஓடிய டயரைக் காற்றுப்போன டயராகவே கருதி, கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் டயரோ 40 விழுக்காடு குறைவு. அப்படிப்பட்ட டயரில் காற்றடிக்கும்போதே பக்கச் சுவர் கிழிந்து அடிப்பவரைத் தாக்கக்கூடும். புது டயர் வாங்கினோம்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். அந்த உள் டயர் கெட்டதற்குப் பெரியப்பா காரணமல்ல. ஆனால் ஓய்வுப் பகுதியில் நான் வாய் திறந்திருந்தால் ஆறு டயர்களையும் அப்போதே முறையாகப் பார்த்திருப்போம். அந்த டயருடன் எட்டுப் பேர் நெடுஞ்சாலையில் இன்னும் பாதிப் பயணத்தைக் கடந்திருக்க மாட்டோம்.

கருவி பார்த்துக்கொள்ளாதா?

“இப்போதெல்லாம் காரே எச்சரிக்கை விளக்குப் போடுகிறதே, டீச்சர்?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்த விளக்கு வந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 6.5 மில்லியன் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் நடந்த விபத்துகளில், அந்த டயர்களோடு தொடர்புடையதாக 200க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. டயரின் குறைபாடும் குறைந்த காற்றழுத்தமும் விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டில் அங்கே புதிய சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டுச் சந்தைக்குத் தயாராகும் எல்லா இலகு வாகனங்களிலும் அழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

ஆனால் அந்த விதியில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். குறித்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதே அது கேட்பது. எங்கள் வண்டியின் 550க்கு அது ஏறக்குறைய 412. டயர்த் தொழிலின் 20 விழுக்காட்டு எல்லையை அதற்குள் தாண்டிவிட்டிருப்போம். அடுத்து, 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இரட்டைச் சக்கர வண்டிகளுக்கும் அந்த விதி பொருந்தாது. பெரிய மோட்டார்ஹோம் இரண்டிலுமே அகப்படும். சட்டம் வந்த நாட்டிலேயே, பாரம் அதிகம் சுமக்கும் வண்டிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. கருவி இருந்தால் நல்லது. ஆனால் அது மானிக்கு மாற்றாகாது.

“நைட்ரஜன் அடைத்தால் அழுத்தம் ஏறாது” என்று சொல்வோரும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். உலர்ந்த காற்றும் நைட்ரஜனும் ஒரே வாயு விதிக்குக் கட்டுப்பட்டவை. பணம் கொடுத்து நைட்ரஜன் அடைத்தாலும் மானியை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

மோட்டார்ஹோம் நம்மில் பலரிடம் இருக்காது. ஆனால் ஊருக்குப் போகும் வேனும், பள்ளிச் சுற்றுலா பஸ்ஸும், அப்பாவின் காரும் இதே விதிக்குள் வருகின்றன. பெரிய வண்டியில் சுமையும் அழுத்தமும் பெரியவை, தவறு நேர்ந்தால் விளைவும் பெரியது. அவ்வளவுதான் வேறுபாடு.

அழுத்தத்தை எப்போதும் ஆறிய டயரில் பாருங்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். காலையில் புறப்படுமுன் பார்ப்பதே எளிது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது அந்த டயரின் உச்ச அளவைச் சொல்வது. உங்கள் வண்டிக்கான எண் ஓட்டுநர் கதவோரத்தில் இருக்கும். மோட்டார்ஹோமாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ ஏறும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. எல்லாம் ஏற்றிய பிறகு ஒவ்வோர் அச்சின் எடையையும் எடைமேடையில் அறிந்து, டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்துக் காற்றடிக்க வேண்டும். உள் டயர்களை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த வண்டியென்றால் இரட்டைக் கவனம் வேண்டும். ஓடாத டயரிலிருந்தும் ரப்பரின் ஊடாகக் காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

நெடுஞ்சாலையில் சூடான டயர் கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்க வேண்டாம். ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சூடான டயரே குறித்த எண்ணைவிடக் குறைவாகக் காட்டினால் அது ஆபத்து. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தாலும் அப்படியே. ஓட்டத்தைத் தொடராமல் உதவி தேடுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாயு விதியைக் கரும்பலகையில் மட்டும் நடத்தாமல், ஒரு மானியுடன் மாணவர்களைப் பள்ளி வாகன நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளக்கட்டும். பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ ‘தெக்கானான்’ என்றும் ‘பிரஷர்’ என்றும் படிப்பது, தங்கள் குடும்பத்தைச் சுமந்து செல்லும் டயருக்குள் இருப்பதுதான் என்று அன்றே புரிந்துகொள்வார்கள்.

மாணவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. தெரிந்த அறிவியலை மரியாதைக்காக மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். என் அக்கா மகளோ மரியாதையை விடாமலே சொன்னாள். “தாத்தா, நீங்கள் செய்தது தப்பு,” என்று அவள் வாதாடவில்லை. “சரியான்னு பார்க்கலாமா?” என்று கேட்டாள். தன் விடையை முதலில் தாளில் எழுதினாள். பிறகு மானி பேசியது.

திரும்பி வரும்போது அதே ஓய்வுப் பகுதியில் நிறுத்தினோம். பெரியப்பா மானியை வைத்துப் பார்த்தார். 610 காட்டியது. காற்று இயந்திரத்தை அவர் தொடவில்லை. “சூடு,” என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்க அழைத்துப் போனார்.